பிளெவ்னா மார்ச்: தோற்ற தளபதிக்கு இப்படி ஒரு பாட்டு எப்படி வந்தது?

முரசுகொட்டி:
வணக்கம் நண்பர்களே. துருக்கி மெஹ்தெர் பாண்டு (ஒட்டோமன் பாணி ராணுவ இசைக்குழு) வீடியோக்களை யூடியூபில் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். சிவப்பு அங்கி, பெரிய மீசை, இடி மாதிரி முரசு. அதில் ஒரு பாட்டு ஒரு வாரமாக வாயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டான்யூப் நதி "நான் ஓடமாட்டேன்" என்கிறது, கரையை உடைக்கமாட்டேன் என்கிறது, புகழ்பெற்ற ஒஸ்மான் பாஷா "பிளெவ்னாவை விட்டு வெளியே வரமாட்டேன்" என்கிறார். அவ்வளவுதான் முதல் கண்ணி. வீடியோவின் தலைப்பு "1453 ஜானிசரிப் போர்ப்பாட்டு". கமெண்ட்டில் ஒருவர் 1877 என்கிறார். இன்னொருவர் இது 1960 மாணவர் போராட்டப் பாட்டு என்று சாதிக்கிறார். எது சரி? எழுதியது யார்? இந்த ஒஸ்மான் பாஷா யார்?

பழைய_வரைபடம்:
1453க்கு வாய்ப்பே இல்லை. ஜானிசரி என்ற ஒட்டோமன் காலாட்படையைச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் கலைத்தார். கலைத்தார் என்பது மரியாதையான சொல், பாசறையைப் பீரங்கியால் அடித்து நொறுக்கினார். அவர்களோடு மெஹ்தெர் இசையும் தடை செய்யப்பட்டது. ரஷ்ய-துருக்கிப் போரில் பிளெவ்னா (இன்று பல்கேரியாவில் உள்ள பிளெவென்) முற்றுகை நடந்தது 1877. அதாவது இந்தப் பாட்டு பிறந்தபோது ஜானிசரிகள் ஒழிந்து 51 வருடம் ஆகிவிட்டது.

நீங்கள் பார்க்கும் மெஹ்தெர், பிற்காலத்தில் மறுபடி கட்டப்பட்ட ஒன்று. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இஸ்தான்புல் ராணுவ அருங்காட்சியகத்தில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1935இல் மறுபடி மூடினார்கள். 1952இல் மறுபடி திறந்தார்கள். "பழங்கால" மெஹ்தெர் பாட்டு என்று நாம் கேட்பதில் பல, 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. பிளெவ்னா மார்ச்சாவது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதை அப்புறமாக மெஹ்தெர் உடையில் நிறுத்திவிட்டார்கள்.

தூரத்துமணி:
இது "கெஞ்ச் ஒஸ்மான்" பாட்டுதானே? பாக்தாத் கோட்டையில் கொடி நட்ட இளைஞன் கதை. அது 1600களைச் சேர்ந்தது. அதனால் யூடியூப்காரர் ரொம்பத் தப்பில்லை.

பழைய_வரைபடம்:
இல்லை தோழர், அது வேறு ஒஸ்மான். பாக்தாத் பாட்டு 1638 முற்றுகையைப் பற்றியது. அதையும் மெஹ்தெர் வாசிக்கும், இதையும் வாசிக்கும், இரண்டு பேருக்கும் பெயர் ஒஸ்மான். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

நம் ஆள் ஒஸ்மான் நூரி பாஷா. 1832இல் டோக்காட்டில் பிறந்தவர். 1877 ஜூன் கடைசியில் ரஷ்யப் படை ஸ்விஷ்டோவ் அருகே டான்யூபைக் கடந்து பல்கேரியாவுக்குள் வந்தது. அப்போது இவர் மேற்கே விதினில் இருந்தார். நிக்கோபோல் கோட்டையைக் காப்பாற்றப் படையோடு கிளம்பினார். போய்ச் சேருவதற்குள் ஜூலை 16 அன்று நிக்கோபோல் விழுந்துவிட்டது. சரி, பக்கத்தில் சாலைகள் கூடும் பிளெவ்னாவிலாவது நிற்போம் என்று அங்கே திரும்பினார். பிளெவ்னா அப்போது கோட்டையே கிடையாது. சுற்றிலும் குன்றுகள் உள்ள ஒரு சாதாரண ஊர். மண்வெட்டியால் தோண்டித்தான் அரண் கட்டினார்கள்.

ஜூலை 20 முதல் தாக்குதல், ரஷ்யர் தோல்வி. ஜூலை 30 இரண்டாவது. ரஷ்யப் பக்கம் 7,000க்கு மேல் இழப்பு. செப்டம்பர் 11, ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தரின் பெயர்நாள். அன்று அவரை ஒரு மேட்டில் உட்கார வைத்து, ருமேனியப் படையையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவது பெரிய தாக்குதல். ருமேனியர் கிரிவிட்சா அரண் ஒன்றைப் பிடித்தார்கள். ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவ் தென்மேற்கில் இரண்டு அரண்களைப் பிடித்து மறுநாளே இழந்தார். அதோடு ரஷ்யர் நேரடித் தாக்குதலைக் கைவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், அகழி ஒன்று, துப்பாக்கி இன்னொன்று. துருக்கியர் கையில் அமெரிக்காவில் செய்த பீபாடி-மார்டினி துப்பாக்கி, ஒரு பகுதியினரிடம் வின்செஸ்டர். அகழிக்குள் தோட்டாப் பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே சுட்டார்கள். திறந்த வெளியில் வரிசையாக நடந்து வந்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

மெல்லிசை_மீனா:
போர்க்கதை அருமை. ஆனால் முரசுகொட்டி கேட்டது பாட்டைப் பற்றி. நான் அந்தப் பக்கம் வருகிறேன்.

வரிகளைத் துருக்கியில் எண்ணிப் பாருங்கள். "தூனா நெஹ்ரி அக்மம் தியோர்" எட்டு அசை. "ஷானி பூயுக் ஒஸ்மான் பாஷா" அதுவும் எட்டு. எல்லா அடியும் எட்டுதான். நாலடிக் கண்ணியில் முதல், இரண்டாம், நான்காம் அடிகள் ஒரே மாதிரி முடியும், மூன்றாவது மட்டும் தனித்து நிற்கும். இது அனதோலிய, ருமேலிய (பால்கன் பக்க) நாட்டுப்பாட்டின் பழைய அச்சு. சாஸ் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடும் ஆஷிக்குகள் (நாட்டுப் பாடகர்கள்) நூற்றாண்டுகளாகப் புழங்கியது.

இன்னொன்று, "வாளைக் கல்லில் அடித்தேன், கல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிளந்தது" என்று ஒரு கண்ணி வருகிறதே, அதற்கும் பிளெவ்னாவுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த வீரன் பாட்டிலும் அதைப் பொருத்தலாம். மூன்றாவது அடியில் வேறு பாஷா பெயரைப் போட்டால் வேறு பாட்டு ஆகிவிடும். நம் ஒப்பாரியில் பழைய வரிகளை வைத்துக்கொண்டு இறந்தவர் பெயரை மட்டும் மாற்றுவார்களே, அந்த வேலைதான். ஆகவே "எழுதியது யார்" என்று ஒரே ஒரு ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

கோட்டைவாசல்:
மீனா அவர்களே, சொல்லுக்கு அது பொருந்தும். மெட்டுக்கு? இது மார்ச். கால் எடுத்து வைக்கத் தோதான தாளம். நாட்டார் எல்லாம் மார்ச் போட மாட்டார்கள். 1828இல் இத்தாலியிலிருந்து ஜுசெப்பே தோனிசெத்தியை வரவழைத்தார்கள். ஆப்பரா எழுதிய கெயெத்தானோ தோனிசெத்தியின் அண்ணன். அவர் அரண்மனைப் பாண்டை ஐரோப்பிய முறையில் அமைத்தார். பித்தளைக் குழல், கிளாரினெட், நொட்டேஷன் எல்லாம் வந்தது. அந்தப் பள்ளியில் வந்த ஒருவர்தான் இதற்கு இசை அமைத்திருக்க வேண்டும். அரண்மனைப் பாண்டைச் சேர்ந்தவர் பெயரைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மெல்லிசை_மீனா:
பெயர் சொல்பவர்கள் உண்டுதான், நாட்டார் பாட்டு என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அரண்மனைப் பாண்டு யாருக்கு மார்ச் எழுதியது என்று பாருங்கள். மஹ்மூதுக்கு மஹ்மூதியே. அப்துல்மெஜிதுக்கு மெஜிதியே. அப்துல்அசீசுக்கு அசீசியே. அப்துல்ஹமீதுக்கு ஹமீதியே. சுல்தான் மாறினால் மார்ச்சும் மாறும். முதல் இரண்டும் தோனிசெத்தியே போட்டவை. அதெல்லாம் சலாம் வைக்கும் இசை. அந்த இடத்திலிருந்து ஒரு பாஷாவைப் புகழ்ந்து, அதுவும் தெருப் பாஷையில், நதி பேசுவது போல ஒரு பாட்டு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் சிப்பாயும் அகதியும் பாடியிருப்பார்கள், அப்புறம் பாண்டு மாஸ்டர் எடுத்துத் தாளத்தை இறுக்கியிருப்பார். எல்லாச் சேனைகளிலும் பாதிப் பாட்டு இப்படி வந்ததுதானே.

கோட்டைவாசல்:
"இருப்பார்கள்", "இருப்பார்" என்று ஊகமாகவே போகிறதே! :)

மெல்லிசை_மீனா:
உங்கள் "இருந்திருக்க வேண்டும்" மட்டும் என்னவாம்? :)

பழைய_வரைபடம்:
சண்டை வேண்டாம். ஊகத்துக்குப் பதிலாகக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் போரின் தேதிகளோடு வைத்துப் பார்ப்போம்.

"எதிரி டான்யூபைத் தாண்டினான், காவல் சாவடிகளை உரசிப் பார்த்தான்" என்பது 1877 ஜூன், ஜூலை. "பிளெவ்னாவை விட்டு வரமாட்டேன்" என்பது முற்றுகை நடக்கும் காலம். ஊர் விழுந்த செய்தி தெரிந்த ஒருவர் புதிதாக இப்படி ஆரம்பிப்பாரா? சந்தேகம்தான். அதனால் இந்தக் கண்ணி 1877 இலையுதிர் காலத்தில், இஸ்தான்புல் பத்திரிகைகள் ஒஸ்மானைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது பிறந்திருக்கலாம். அப்புறம் சோகமான கண்ணி ஒன்று உண்டு. "இப்படியும் நடக்குமா, பிள்ளை அப்பனைச் சுடுமா, துரோகிகளே, இந்த உலகம் உங்களுக்கே மிஞ்சுமா" என்று. முற்றுகையில் அப்பன் பிள்ளைச் சண்டை எங்கே வந்தது? அது தோல்விக்குப் பின் யார் மேல் பழி போடலாம் என்று ஊரே தேடிய நேரத்தின் குரல். பழி போடவும் ஆள் இருந்தார். ஷிப்கா கணவாயில் முட்டி மோதிப் படையை வீணாக்கிய சுலைமான் பாஷாவை 1878இல் விசாரணை செய்து பாக்தாதுக்கு நாடு கடத்தினார்கள்.

ஆக ஒரே பாட்டுக்குள் குறைந்தது இரண்டு காலம் இருக்கிறது என்பது என் கணக்கு. நம்பிக்கை ஒன்று, கசப்பு ஒன்று. ஒரே நாளில் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை.

முரசுகொட்டி:
அட, இது நல்ல வழி. அப்போது "ஐயாயிரம் பீரங்கி ஒரே நேரத்தில் வெடித்தது" என்ற அடி?

பழைய_வரைபடம்:
ஹா ஹா. சரணடைந்தபோது ஒஸ்மானிடம் இருந்த பீரங்கி 77. ஐயாயிரம் என்பது எட்டு அசைக்காகவும் காதுக்காகவும் வந்தது. வரலாற்று மாணவர்கள் அடிக்குறிப்பில் போடாதிருந்தால் சரி.

தூரத்துமணி:
ஒரு சந்தேகம். பிளெவ்னா டான்யூப் கரையிலா இருக்கிறது? மேப்பில் பார்த்தால் தள்ளி இருக்கிறது.

பழைய_வரைபடம்:
கரையில் இல்லை. நதிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. ஊருக்கு மேற்கே ஓடுவது வித் என்ற சின்ன ஆறு. கடைசிச் சண்டை நடந்ததும் அந்த வித் கரையில்தான். ஆனால் டான்யூப்தான் எல்லை. அதைத் தாண்டினால் பேரரசே ஆடும். பாடியவன் எல்லையை நிறுத்தி வைக்கச் சொல்கிறான், ஊரின் ஆற்றை அல்ல.

கோட்டைவாசல்:
எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒஸ்மான் பாஷா தோற்றவர். ஊரையும் படையையும் எதிரியிடம் ஒப்படைத்தவர். அவருக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? தோல்வியை மறைக்க அரசாங்கம் செய்த பிரச்சாரம் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

பழைய_வரைபடம்:
பாதி சரி. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் இந்தக் கதையின் நடுமையம்.

மூன்றாவது தாக்குதல் தோற்ற பிறகு ரஷ்யர் டோட்லெபெனைக் கூப்பிட்டார்கள். கிரீமியப் போரில் செவாஸ்டபோலுக்கு அரண் கட்டியவர். முற்றுகைக்குள் இருந்து பட்டவர் என்பதால் உள்ளே இருப்பவனை எது கொல்லும் என்று அவருக்குத் தெரியும். முட்டாதே, பட்டினி போடு என்பதுதான் அவர் வழி. ஒஸ்மானுக்கும் இது புரிந்தது. வழி திறந்திருக்கும்போதே பின்வாங்கி ஒர்ஹானியே பக்கம் போய்விட வேண்டும் என்று இஸ்தான்புல்லிடம் அனுமதி கேட்டார். மேலிடம் மறுத்தது. ஐரோப்பாவே பிளெவ்னாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு வருவதா என்ற நினைப்பு. அக்டோபர் 24 அன்று ரஷ்யத் தளபதி குர்கோவின் கீழ் ஜாரின் காவற்படை கோர்னி துப்னிக் என்ற ஊரைப் பிடித்ததும் சோபியா சாலை அடைபட்டது. அப்புறம் உள்ளே மாவு இல்லை, மருந்து இல்லை, விறகு இல்லை.

இப்போது முதல் கண்ணியை மறுபடி படியுங்கள். "வெளியே வரமாட்டேன்" என்று ஒஸ்மான் சொல்வதாகப் பாட்டு சொல்கிறது. நிஜத்தில் வெளியே வர அனுமதி கேட்டவரே அவர்தான்! வரக்கூடாது என்றது தலைநகரம். பாட்டில் அந்த உத்தரவு தளபதியின் வீரவசனமாக மாறியிருக்கிறது. பாடியவர்களுக்குத் தந்தி விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரி யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 10 விடியலில் அவர் கடைசியாக வெளியே வந்தார். வித் பாலத்தைக் கடந்து ரஷ்ய வரிசையின் முதல் அகழியைப் பிடித்தார்கள். பின்னாலேயே காயம்பட்டோர் வண்டிகளும் ஊர்க் குடும்பங்களும். ஒஸ்மானுக்குக் காலில் குண்டு பட்டது. செத்துவிட்டார் என்று வதந்தி பரவ, படை கலைந்து பாலத்துக்கு ஓடியது. பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் படுத்தபடி சரணடைந்தார். சுமார் 40,000 பேர் கைதிகள். அதன் பிறகுதான் பெரிய கொடுமை. அந்தப் பனியில் கைதிகளை ரஷ்யாவை நோக்கி நடக்க விட்டார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். ஒஸ்மானின் வாளை மட்டும் ஜார் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

கோட்டைவாசல்:
அப்போ பிரச்சாரம் என்ற என் பேச்சு நிற்கிறது.

பழைய_வரைபடம்:
அரசு பயன்படுத்திக்கொண்டது, அதில் சந்தேகமில்லை. 1878இல் விடுதலையாகி வந்தவரை அப்துல்ஹமீத் தலையில் தூக்கி வைத்தார். காஸி (வெற்றிவீரர்) பட்டம் முற்றுகையின்போதே கொடுத்தாயிற்று. போர் மந்திரி பதவி ஒரு தடவைக்கு மேல். கடைசியில் சம்பந்தியும் ஆனார்கள், ஒஸ்மானின் இரண்டு மகன்களுக்குச் சுல்தானின் இரண்டு மகள்கள். 1900இல் இறந்ததும் ஃபாத்திஹ் மசூதி வளாகத்தில் அடக்கம். ஆனால் மேலிருந்து திணித்தது மட்டும் என்றால் துரோகிகளைத் திட்டும் கண்ணி எப்படி ஒட்டியிருக்கும்? அப்துல்ஹமீத் 1878 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே மூடியவர். "இந்த உலகம் உங்களுக்கே மிஞ்சுமா" என்பது அவர் காலத்தில் சத்தமாகப் பாடக்கூடிய வரி இல்லை.

நிழல்குடை:
ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருபவள், இன்றைக்கு எழுதுகிறேன். அந்த வரிதான் 1960க்குப் போன வரி. முரசுகொட்டி பார்த்த கமெண்ட் முழுப் பொய் இல்லை.

ஏப்ரல் 28, 1960. பிரதமர் மெண்டெரஸின் அரசுக்கு எதிராக இஸ்தான்புல் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டபோது போலீஸ் சுட்டதில் துரான் எமெக்சிஸ் என்ற மாணவர் இறந்தார். மறுநாள் அங்காராவிலும் கலவரம். மே 5 அன்று கிசிலாய் சதுக்கத்தில் கூடினார்கள். ஐந்தாம் மாதம், ஐந்தாம் தேதி, ஐந்து மணி, கிசிலாய் என்பதால் 555கே என்று ரகசியச் சொல். அந்த நாட்களில் மாணவர்கள் பாடியது இந்த மெட்டுதான். "பிள்ளை அப்பனைச் சுடுமா" என்பதை "அண்ணன் தம்பியைச் சுடுவானா" என்று மாற்றினார்கள். துரோகிகள் இருந்த இடத்தில் சர்வாதிகாரிகள் வந்தார்கள். கடைசி அடியை மட்டும் தொடவில்லை. மே 27 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

சுட்ட போலீசுக்கும் பார்த்துக்கொண்டு நின்ற சிப்பாய்க்கும் அந்த மெட்டு பள்ளியிலிருந்தே தெரிந்திருக்கும். தேசபக்திப் பாட்டைப் பாடாதே என்று யாரை, எப்படித் தடுப்பது? மாணவர்கள் சாமர்த்தியசாலிகள்.

முரசுகொட்டி:
அருமை. அப்படியென்றால் 1960 பாட்டும் சரி, 1877 பாட்டும் சரி. 1453 மட்டும்தான் டூப்.

தூரத்துமணி:
இதே மாதிரி பெயர் மாற்றும் வேலை "இஸ்மிர் மார்ச்"சிலும் உண்டு என்று படித்தேன். "வாழ்க முஸ்தபா கெமால் பாஷா" என்று ஃபுட்பால் மைதானத்தில் எல்லாம் பாடுகிறார்களே, அது.

நிழல்குடை:
ஆமாம். இஸ்மிர் மலைகளில் பூ பூக்கிறது என்று தொடங்கும். அதற்கு முன்பு அது "காகசஸ் மலைகளில் பூ பூக்கிறது" என்று இருந்தது, வாழ்த்தப்பட்டவர் என்வெர் பாஷா என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. 1914 டிசம்பரில் சரிகமிஷ் பனியில் படையைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தவர் என்வெர். 1918இல் நாட்டை விட்டே ஓடினார். 1922 செப்டம்பர் 9 அன்று கிரேக்கரிடமிருந்து இஸ்மிர் மீட்கப்பட்டதும் மலையும் மாறியது, பாஷாவும் மாறினார். மெட்டு அப்படியே.

மெல்லிசை_மீனா:
பார்த்தீர்களா, பெயர் மாற்றும் அச்சு என்று நான் சொன்னதற்கு இது இன்னொரு சாட்சி. ஆனால் ஒஸ்மான் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. என்வெர் தோற்றபோது பாட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒஸ்மானும் தோற்றவர்தான், இறக்கவில்லை. ஆளோடு சேர்ந்து பட்டினி கிடந்தவருக்கும் ஆளைப் பனியில் விட்டவருக்கும் ஜனங்கள் வித்தியாசம் பார்த்திருக்கிறார்கள்.

கோட்டைவாசல்:
அல்லது "பாஷா"வுக்கும் "தாஷா"வுக்கும் (கல்லில்) எதுகை கிடைத்ததால் இருக்கும்.

மெல்லிசை_மீனா:
எதுகை என்வெருக்கும் அதே பாஷாதான் சார்.

கரும்பலகை:
எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்லுங்கள். பல்கேரியர்களுக்கு இது விடுதலைப் போர். டிசம்பர் 10 அங்கே கொண்டாட்ட நாள். நூறாவது ஆண்டான 1977இல் அதே டிசம்பர் 10 அன்று பிளெவெனில் பெரிய வட்டச் சித்திரக் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே நின்றால் மூன்றாவது தாக்குதல் நம்மைச் சுற்றி நடக்கும். ருமேனியாவுக்கோ அது சுதந்திரம் வாங்கிய போர். அவர்கள் பாட்டு என்ன?

பழைய_வரைபடம்:
நல்ல கேள்வி. பல்கேரிய முடியாட்சிக் காலத்துத் தேசியகீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நதியை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. இரத்தத்தில் தோய்ந்த மரீத்சா இரைகிறது, ஒரு விதவை கதறுகிறாள். பல்லவியில் "நடை போடு, நம் தளபதியோடு" என்று வரும். அந்தத் தளபதி 1876இல் செர்பியாவில் தொண்டர்படையை நடத்திய ரஷ்யர் செர்ன்யாயெவ் என்று சொல்வார்கள்.  மெட்டோ ஒரு ஜெர்மன் பாட்டிலிருந்து வந்தது. ஆக இரண்டு பக்கமும் நதி, இரண்டு பக்கமும் தளபதி. துருக்கியர் நதி ஓடமாட்டேன் என்று நிற்கிறது, பல்கேரியர் நதி ஓடிக்கொண்டே அழுகிறது.

நிழல்குடை:
பிளெவ்னா பெயர் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு துணுக்கு. சார்ல்ஸ் ரயன் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், இளைஞராக இருந்தபோது ஒட்டோமன் படையில் சேர்ந்து பிளெவ்னாவில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். 38 வருடம் கழித்து 1915இல் முதல் உலகப் போரில், துருக்கியின் கல்லிபோலியில் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். மே 24 அன்று பிணங்களைப் புதைக்கச் சில மணி நேரம் போர் நிறுத்தம் செய்தார்கள். சட்டையில் பழைய துருக்கிப் பதக்கங்களோடு ரயன் நடுவெளிக்குப் போனார். எங்கள் பதக்கத்தை எவனிடம் திருடினாய் என்று துருக்கியர் முறைத்தார்கள். பிளெவ்னாவில் ஒஸ்மான் பாஷாவோடு இருந்தேன் என்று அவர் துருக்கியிலேயே சொன்னதும் முறைப்பு போய்விட்டதாம்.

முரசுகொட்டி:
மெய்சிலிர்க்கிறது. கடைசியாக ஒன்று, எங்கள் குழுவில் டிரம்ஸ், ஷெனாய், ஒரு டிரம்பெட் இருக்கின்றன. இதை வாசித்துப் பார்க்க ஆசை. மெஹ்தெர் வடிவமா, பாண்டு வடிவமா?

மெல்லிசை_மீனா:
ஷெனாய் இருக்கும்போது யோசிக்கவே வேண்டாம், மெஹ்தெர் வடிவம். அதன் ஸுர்னாவும் ஷெனாயும் ஒரே குடும்பம், ஆனால் ஸுர்னா இன்னும் கூர்மையாகக் கத்தும், கொஞ்சம் அழுத்தி ஊதச் சொல்லுங்கள். டிரம்பெட்காரரை முதல் கண்ணியில் சும்மா நிற்க வையுங்கள். வேகம் கூட்டாதீர்கள், மெஹ்தெர் நிதானமாக நடக்கும். இணையத்தில் கிடைக்கும் பள்ளிக் கோரஸ் பதிவுகள் பலவற்றில் "பிள்ளை அப்பனைச் சுடுமா" கண்ணியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள், அதைக் கொஞ்சம் அடக்கி வாசித்துவிட்டு ஒஸ்மான் பாஷா அடிக்குத் திரும்புங்கள். முடித்ததும் பதிவை இங்கே போடுங்கள், கோட்டைவாசல் சார் குறை சொல்லக் காத்திருக்கிறார்.

கோட்டைவாசல்:
கண்டிப்பாக. தாளம் தப்பினால் விட மாட்டேன்.